போனுக்கு ஒட்டுக் கட்டிய கதை

கிருஷ்ணகிரிப் பக்கம் கொட்டாங்கல் என்றொரு ஊர். வரைபடத்தில் தேட வேண்டாம். ஊர்க்காரர்களே ஒருமுறை சந்தைக்குப் போன இடத்தில் வரைபடம் ஒன்றை விரித்துத் தேடிப் பார்த்தார்கள். ஊரைக் காணவில்லை. ஊரே இல்லாதபோது வீட்டுக்கு எப்படிப் போவது என்று கவலைப்பட்டு அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொண்டார்கள். காலையில் கொட்டாங்கல் பஸ் வழக்கம்போல வந்து நின்றது. பாவம், டிரைவருக்கு இன்னும் விஷயம் தெரியாது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த ஊரில் தீர்த்தகிரி, மாதப்பன், திம்மராயன் என்று மூன்று பேர் கூட்டாக மாங்கன்று நர்சரி வைத்திருந்தார்கள். ஒட்டுக் கட்டுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாட்டு மாங்கன்றின் தண்டைச் சீவி, நல்ல ரகத்திலிருந்து வெட்டிய குச்சியை அதில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, நிழல்வலைக்குக் கீழே வைப்பார்கள். ஒன்றரை மாதத்தில் இரண்டும் ஒரே செடியாகிவிடும். அவர்கள் கட்டிய ஒட்டு பட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. கைக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மூன்று பேரிடமும் ஆளுக்கொரு சாமான் இருந்தது. தீர்த்தகிரியிடம் செல்போன். மாதப்பனிடம் அவன் மைத்துனன் துபாயிலிருந்து கொண்டுவந்த வாக்மேன். திம்மராயனிடம் உரக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டிஜிட்டல் டைரி. பெயர், நம்பர், தேதி எல்லாம் அதில் தட்டி வைக்கலாம். இவையெல்லாம் தனித்தனியாக இருந்த காலம் அது.

போன் வாங்கும்போது கடைக்காரர், "மணி அடிச்சா பச்சை பட்டனை அமுக்குங்க" என்றார். தீர்த்தகிரி அமுக்கினார். பேசி முடிக்கும்வரை அமுக்கியபடியே இருந்தார். விரலை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லையே. கட்டைவிரலில் பட்டன் அளவுக்கு ஒரு காய்ப்பே விழுந்துவிட்டது.

கன்று வேண்டுமென்று யாராவது கூப்பிட்டால், தீர்த்தகிரி காதில் வாங்குவார். திம்மராயன் டைரியில் தட்டுவான். மாதப்பன் தன் காதில் மாட்டியிருக்கும் பாட்டை, மற்ற இரண்டு பேருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று நிறுத்துவான். இப்படி ஒரு போன் பேச மூன்று ஆள் தேவைப்பட்டதால் மூவரும் எங்கே போனாலும் சேர்ந்தே போனார்கள். தீர்த்தகிரி முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

இதனால் ஒரு சங்கடம். தீர்த்தகிரிக்கு வயது முப்பத்தைந்து. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போனால் மூன்று பேராகப் போவார்கள். "இதுல யாருங்க மாப்பிள்ளை?" என்று பெண் வீட்டார் கேட்பார்கள். இவர்கள் தனியாகப் போய்க் கலந்து பேசிவிட்டு வந்து சொல்வார்கள். அதற்குள் காபி ஆறியிருக்கும், பேச்சும் ஆறியிருக்கும்.

கடைசியாகப் பார்க்கப் போனது ரிட்டயர்டு கண்டக்டர் சென்றாயன் வீட்டுப் பெண்ணை. வளர்மதி என்று பெயர். டவுனில் செல்போன் கடையில் வேலை பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடாமல் எதிரிலேயே உட்கார்ந்து நேராகக் கேட்டாள்.

"அதென்னங்க, எங்க போனாலும் மூணு பேரா?"

"போன் என்கிட்ட இருக்குங்க," என்றார் தீர்த்தகிரி. "எழுதி வைக்கிறது திம்மன்கிட்ட இருக்கு. பாட்டு மாதப்பன்கிட்ட."

"பொண்ணு பாக்குற இடத்துல பாட்டு எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்னு," என்றான் மாதப்பன்.

வளர்மதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு சொன்னாள்: "கவலைப்படாதீங்க. கடையில பேசிக்கிறாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பாட்டு, போன், டைரி மூணும் ஒண்ணாயிடும். சட்டைப் பைக்குள்ள அடங்குற ஒரே சாமான். அதுக்கப்புறம் நீங்க தனியாவே எங்க வேணாலும் போகலாம், வரலாம்."

தனியாவே என்பதை அவள் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். தீர்த்தகிரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ துளிர் விட்டதுபோல் இருந்தது. இதற்குமுன் எந்தப் பெண்ணும் அவரைத் தனியாக வைத்து யோசித்ததில்லை.

சென்றாயன் விசில் அடித்துப் பழகிய குரலில், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே போன் போட்டுப் பதில் சொல்றேன். போனைப் பத்திரமா வச்சிருங்க. ரைட்," என்றார். மூன்று பேரும் எழுந்து கிளம்பிவிட்டார்கள். ரைட் என்று சொன்ன பிறகு உட்கார்ந்திருக்க முடியுமா?

வழியெல்லாம் ஆலோசனை நடந்தது.

"அண்ணா, பொண்ணுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எங்க ரெண்டு பேரைத்தான் பிடிக்கல," என்றான் மாதப்பன். மூவரில் யோசிக்கிற ஆள் அவன்தான். யோசிப்பதற்காகச் செருப்பைக் கழற்றிவிடுவான்.

"மூணும் ஒண்ணானாத்தான் நான் தனியா போவேன். நான் தனியா போனாத்தான் அவ வருவா," என்றார் தீர்த்தகிரி.

"அதுவா எப்படிண்ணா ஒண்ணாகும்?" என்றான் திம்மராயன்.

மாதப்பன் செருப்பைக் கழற்றினான். "உலகத்துல எதுவும் அதுவா ஒண்ணாகாது திம்மா. யாராவது கட்டணும். அந்தக் கடைக்காரங்களுக்கு விக்கத் தெரியும். கட்டத் தெரியுமா? அதான் இன்னும் கொஞ்ச நாளாகும்னு சொல்றாங்க. இந்த ஜில்லாவுல கட்டத் தெரிஞ்சவங்க யாரு?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் விளங்கிவிட்டது.

மறுநாள் காலை நிழல்வலைக்குக் கீழே மூன்று சாமான்களையும் வாழை இலையில் வைத்து உட்கார்ந்தார்கள்.

"முதல்ல வேர்ச்செடி எதுன்னு முடிவாகணும்," என்றார் தீர்த்தகிரி.

"போன்தான்," என்றான் மாதப்பன். "அதுக்குத்தான் வேர் இருக்கு. சார்ஜர் வயரை சுவத்துல ஊனினா என்னமா உறிஞ்சுது. வாக்மேன் குச்சி. பாருங்க, வயரு கொடியாட்டம் மேல போயி நுனியில ரெண்டு மொட்டு விட்டிருக்கு. அதைத்தான் நான் காதுல வைக்கிறேன்."

"என் டைரி?"

"இலை. திறந்தா விரியுது, மூடினா கூம்புது."

திம்மராயனுக்குத் திருப்திதான். ஆனாலும் தொழில் தெரிந்தவன் என்பதால் ஒரு சந்தேகம் கேட்டான். "மாமரத்துல பலாவை ஒட்ட முடியாது. இது மூணும் ஒரே ஜாதியா?"

இது நியாயமான கேள்வி. தீர்த்தகிரி ஒட்டுக்கத்தியை எடுத்தார். மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் தோலைக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பார்களே, அதேபோல் போனின் விலாப்பக்கத்தை மெல்லச் சீவினார். கறுப்புத் தோல் உரிந்தது. உள்ளே பளிச்சென்று பச்சைத் தகடு தெரிந்தது.

"பச்சை," என்றான் திம்மராயன்.

வாக்மேனைச் சீவினார்கள். அதிலும் பச்சை. டைரியைச் சீவினார்கள். அதிலும் அதே பச்சை. தாய்மரம் ஒன்றுதான் என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

பச்சையோடு பச்சை படும்படி மூன்றையும் நெருக்கி வைத்து, காற்றுப் புகாமல் நாடாவால் சுற்றினார்கள். செம்மண், மணல், மக்கிய எரு கலந்த பையில் சார்ஜர் வயரைப் புதைத்து ஒட்டை நேராக நிறுத்தினார்கள். மேலே பிளாஸ்டிக் உறை கவிழ்த்தாயிற்று. திம்மராயன் பூவாளியை எடுத்துவந்தான்.

"மெதுவாடா," என்றார் தீர்த்தகிரி. "போனைப் பத்திரமா வச்சிருக்கச் சொல்லியிருக்காரு."

"அதனாலதான் தெளிக்கிறேன்ணா. இல்லன்னா ஊத்தியிருப்பேன்."

அன்றிலிருந்து தீர்த்தகிரி மற்ற கன்றுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையின் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் உறைக்குள்ளிருந்து வாக்மேன் தானாகவே பாடத் தொடங்கியது. பாட்டு இழுத்து இழுத்து, எருமை கனைப்பதுபோல் வந்தது.

"வேர் இழுக்குதுண்ணா," என்றான் மாதப்பன். மூவரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். அவ்வளவு நல்ல பாட்டை அவர்கள் அதற்குமுன் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலமும் வந்தது. உறைக்குள் போன் மணி அடித்தது. அந்தக் காலத்துப் போன்கள் அப்படி. சீவினாலும் அடிக்கும், நனைத்தாலும் அடிக்கும்.

தீர்த்தகிரியின் கை தானாக நீண்டது. மாதப்பன் பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, என்ன காரியம் பண்றீங்க? ஒன்றரை மாசம் ஒட்டைத் தொடக் கூடாது. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

"பொண்ணு வீட்டுல கூப்பிடுறாங்கடா."

"எடுத்தீங்கன்னா பதில் கிடைக்கும், ஒட்டு போயிடும். ஒட்டு போனா மூணும் ஒண்ணாகாது. ஒண்ணாகலன்னா அந்தப் பதிலை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தொடாம பேசினா என்னண்ணா?" என்றான் திம்மராயன்.

இது நல்ல யோசனையாகப் பட்டது. தீர்த்தகிரி பைக்கு முன்னால் மண்டியிட்டு, கையைக் குவித்து, "மாமா, நான் தீர்த்தகிரி பேசுறேன். ஒட்டுக் கட்டியிருக்கோம். அமுக்க முடியாது. நீங்க சொல்லுங்க, கேக்குறேன்," என்றார். மணி நின்றுவிட்டது.

"கேட்டுட்டாரு," என்றான் மாதப்பன்.

மறுபடி அடித்தது. "இன்னும் சத்தமா சொல்லணும் போல," என்று மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். பக்கத்துத் தோப்பில் மேய்ந்த ஆடுகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. மூன்றாவது முறை பாதி மணி அடித்து, உள்ளே புஸ்ஸென்று ஒரு மூச்சு வந்து, எல்லாம் அடங்கியது.

"தூங்குது. இனிமேதான் தசை பிடிக்கும்," என்றான் திம்மராயன்.

மறுநாள் காலை சென்றாயன் நேரிலேயே வந்துவிட்டார். கூடவே வளர்மதி.

"ஏய்யா, ஒரு மனுஷன் எத்தனை தடவை போன் போடுறது? பதில் வேணுமா, வேண்டாமா?"

"நாங்க பேசினோமே மாமா. உங்களுக்குக் கேக்கலையா?"

"எங்கய்யா போன்?"

மூவரும் பயபக்தியோடு விலகி வழிவிட்டார்கள். சென்றாயன் குனிந்து பார்த்தார். உறைக்குள் ஆவி படிந்து, நாடா சுற்றி, மண்ணில் நின்றுகொண்டிருந்த அதைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். தீர்த்தகிரி நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நீங்கதாங்க சொன்னீங்க, மூணும் ஒண்ணாயிடும்னு," என்று வளர்மதியிடம் முடித்தார்.

வளர்மதி இந்தமுறை இருமவில்லை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கடையில தினமும் எத்தனையோ பேருக்கு எதெதையோ சொல்றேன்," என்றாள். "தண்ணியில போடாதீங்க, கீழ போடாதீங்கன்னு தொண்டை கிழியுது. ஒருத்தராவது காதுல வாங்குறாங்களா? நான் பேச்சுவாக்குல சொன்ன ஒரு சொல்லை இப்படி மண்ணுல நட்டுக் காவல் காக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்."

சென்றாயனுக்கு அந்த 'ஒண்ணுமில்ல' பிடிக்கவில்லை. முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவர்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவர். நர்சரி முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "சரி. நானும் ஒண்ணு சொல்றேன். இந்த ஒட்டுப் பிடிச்சு மூணும் ஒண்ணாச்சுன்னா பொண்ணைத் தரேன். பட்டுப்போச்சுன்னா எங்க வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. இதுக்குமேல நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் குத்தலாகத்தான் சொன்னார். மூவரும் முகம் மலர்ந்து கும்பிட்டார்கள். எவ்வளவு சுலபமான நிபந்தனை. அவர்கள் கட்டிய ஒட்டு எப்போது பட்டுப்போயிருக்கிறது?

ஆனால் நாளாக ஆகத் தீர்த்தகிரிக்குக் கவலை வந்துவிட்டது. ஒட்டு துளிர்க்கவில்லை. டைரிக்குள் எறும்பு குடியேறி, முட்டையும் இட்டுவிட்டது. போனின் கண்ணாடியில் பச்சையாகப் பாசி படர்ந்தது. "பாசிதான் முதல்ல வரும், அப்புறம் பூ," என்று மாதப்பன் தைரியம் சொன்னான். தீர்த்தகிரிக்குச் சோறு இறங்கவில்லை. பையின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பூக்க வேணாம். காய்க்கவும் வேணாம். ஒண்ணா மட்டும் இரு, போதும்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வளர்மதி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து ஒட்டைப் பார்த்துவிட்டுப் போவாள். அப்பாவிடம் தோழி வீட்டுக்கு என்று சொல்லியிருந்தாள். ஒன்றரை மாதம் முடிவதற்கு முந்தின நாளும் வந்தாள். நாடாவின் இடுக்கில் எறும்பு போவதையும் வருவதையும் பார்த்தாள். தீர்த்தகிரியின் முகத்தையும் பார்த்தாள்.

"எனக்கு ஒரே தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்களேன்," என்றாள்.

மூன்று பேரும் எழுந்து போனார்கள். ஒருவர் குடத்துக்கு, ஒருவர் கயிற்றுக்கு, ஒருவர் கிணறு இருக்கிறதா என்று முன்னால் போய்ப் பார்ப்பதற்கு. அவர்கள் திரும்பி வந்தபோது வளர்மதி கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். அவள் நகக்கண்ணில் செம்மண் இருந்ததைத் தீர்த்தகிரி கவனித்தார். களை பிடுங்கியிருக்கிறாள், வேலை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டார். கைப்பையிலிருந்து ஓர் எறும்பு வெளியே வந்ததையும் கவனித்தார். பாவம், அதற்கும் தாகமாக இருக்கும் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார்.

மறுநாள் சென்றாயன் சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தீர்த்தகிரி உறையைத் தூக்கினார். நாடாவைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். உள்ளே இருந்தது ஒன்றே ஒன்று. சட்டைப் பையில் அடங்குகிற, பளபளவென்று மின்னுகிற புத்தம்புதுப் போன். வளர்மதி எட்டிப் பார்த்து, "பாட்டு வருதான்னு பாருங்க," என்றாள். பட்டனை அமுக்கினார்; பாடியது. "தேதி?" வேறொன்றை அமுக்கினார், தேதி, கிழமை, நம்பர் எழுதி வைக்கிற இடம், எல்லாம் வந்தன.

"பிடிச்சிருச்சு," என்றார் தீர்த்தகிரி. உட்கார்ந்துவிட்டார்.

சென்றாயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் நிழல்வலையைப் பார்த்தாள். சாட்சிக்கு வந்தவர்களில் ஒருவர், "எங்க வீட்டுல மிக்சியும் கிரைண்டரும் இருக்குதுங்க, கட்டித் தருவீங்களா?" என்று தீர்த்தகிரியைக் கேட்டார். சொன்ன சொல் சொன்னதுதானே. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மணப்பந்தலில் மாப்பிள்ளையோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. மூன்றாம் நாள் புதுமணத் தம்பதி ஒகேனக்கலுக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து, பூவைச் சரிசெய்துகொண்டு வளர்மதி திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் மாதப்பனும் திம்மராயனும் முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க எதுக்குங்க?" என்றாள் மெதுவாக. "அதான் மூணும் ஒண்ணாயிடுச்சே?"

"அதனாலதான் வளரு," என்றார் தீர்த்தகிரி. "முன்னாடியாவது அவனவன் சாமான் அவனவன்கிட்ட இருந்துச்சு. தூங்கவாவது பிரிஞ்சு போனோம். இப்ப இதுக்குள்ள இருக்கிற பாட்டு மாதப்பனோடது. டைரி திம்மனோடது. நான் மட்டும் எடுத்துட்டு வந்தா நம்பிக்கைத் துரோகம் ஆயிடாதா?"

வளர்மதி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அவங்கவங்க பங்கைப் பிரிச்சுக் கொடுத்து அனுப்பி வைங்க," என்றாள்.

தீர்த்தகிரி போனைத் திருப்பி நகத்தால் நெம்பினார். பின்மூடி கழன்றது. டைரிக்கு அட்டை வேண்டும் என்று அதைத் திம்மராயனிடம் கொடுத்தார். உள்ளே பேட்டரி இருந்தது. பாட்டுக்குச் செல் இல்லாமல் முடியாது என்று அதை மாதப்பனிடம் கொடுத்தார். மீதியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் கண் கலங்க விடைபெற்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள்.

பஸ் கிளம்பியது. தீர்த்தகிரி வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக, அதாவது ஒரே ஒருத்தியோடு, உட்கார்ந்திருந்தார். காற்று நன்றாக வீசியது. வளர்மதி அவர் தோளில் சாய்ந்தாள். "அப்பாவுக்கு ஒரு போன் போடுங்க. பாதி வழி வந்துட்டோம்னு சொல்லலாம்," என்றாள், யோசிக்காமல்.

தீர்த்தகிரி போனை எடுத்தார். பச்சை பட்டனை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அதே நேரம், மேடு ஏறித் திணறிக்கொண்டிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் கூச்சல் கேட்டது. மாதப்பன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் திம்மராயன். கண்டக்டர் விசில் ஊத, பஸ் நின்றது. இரண்டு பேரும் மூச்சு வாங்க ஏறினார்கள்.

"அண்ணா, யோசிச்சுப் பார்த்தேன்," என்றான் மாதப்பன். "நல்லாப் பிடிச்ச ஒட்டா இருந்தா நகத்துல நெம்பினதும் தனித்தனியா வருமா? நாம ஏமாந்துட்டோம். அவசரப்பட்டுப் பிரிச்சுட்டோம்."

"எனக்கும் அதான் தோணுது," என்றார் தீர்த்தகிரி.

திம்மராயன் இடுப்பிலிருந்து ஒட்டு நாடாவை எடுத்தான். மூன்று பாகத்தையும் சேர்த்து வைத்து, இந்த முறை இரண்டு மடங்கு இறுக்கிச் சுற்றினார்கள். முறுக்குப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் பையை மேலே கவிழ்த்தார்கள். நிழலாக இருக்கட்டும் என்று வளர்மதியின் மடியில் வைத்து முந்தானையால் மூடினார்கள்.

பிறகு தீர்த்தகிரி எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் டிரைவரிடம் போனார்.

"அண்ணா, ஒரு சின்ன உதவி," என்றார் தாழ்மையாக. "இன்னும் ஒன்றரை மாசத்துக்கு வண்டி அசையக் கூடாது."